அலுவலகக் கட்டடம் உங்களை நோயாளி ஆக்குகிறதா? தென்னாப்பிரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாலேயே உடம்புக்கு முடியாமல் போகுமா? போகும். 1968 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பாண்டியாக் என்ற ஊரின் சுகாதாரத் துறைக் கட்டடத்திலேயே இது நடந்தது. அங்கே வேலை பார்த்த 100 பேரில் 95 பேருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. வந்துபோனவர்களையும் சேர்த்தால் 144 பேர். விசாரிக்க வந்த நிபுணர்களும் படுத்துவிட்டார்கள். ஏசி அமைப்பில் இருந்த கோளாறால், குளிர்விக்கும் கருவியின் நீர்த்திவலை காற்றோடு கலந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. அதில் இருந்த கிருமி எது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1976இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் நடந்த மாநாட்டை ஒட்டி 182 பேர் நோயுற்று 29 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்தபோதுதான், 1977இல், லெஜியோனெல்லா என்ற அந்த பாக்டீரியா பிடிபட்டது.

நம் நாட்டிலும் 2018இல், பிரிட்டோரியாவில் தேசிய சுகாதாரத் துறை இயங்கிய சிவிட்டாஸ் கட்டடம் தங்களை நோயுறச் செய்கிறது என்று சொல்லி அதன் ஊழியர்கள் போராடினார்கள். சுகாதாரத் துறைக்கே இந்தக் கதி என்றால், சாதாரண கால் சென்டர், வங்கிக் கிளை, கிடங்கு அலுவலகம் எம்மாத்திரம்?

நான் டர்பனில் ஓர் அலுவலகத்தில் சேஃப்டி ரெப்பாக, அதாவது ஊழியர்கள் சார்பில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரதிநிதியாக இருக்கிறேன். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கமிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளும், ஜோகன்னஸ்பர்க்கில் ஐடி வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டுத் தம்பிகளும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆபீஸ் போனாலே தலை வலிக்குது, மேனேஜர் நம்ப மாட்டேங்கிறார். என்ன பண்ணுறது?" அவர்களுக்குச் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை?

இரண்டு வகை உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டால் பின்னால் எல்லாமே குழம்பும்.

ஒன்று, கட்டடத்துக்குள் இருக்கும்போது மட்டும் வருவது. கண் எரிச்சல், மூக்கடைப்பு, தொண்டை வறட்சி, தலைவலி, சோர்வு, தோல் வறண்டு அரிப்பு. வெளியே போன சில மணி நேரத்தில் குறைந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. இதைத்தான் நோய்க் கட்டட அறிகுறித் தொகுப்பு என்கிறார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரத்தை மிச்சப்படுத்த ஜன்னலே திறக்க முடியாத கட்டடங்களைக் கட்டி, உள்ளே விடும் வெளிக்காற்றையும் குறைத்தார்கள். பிரச்சினை பெருகியது அதற்குப் பிறகுதான். புதிதாகக் கட்டிய, புதுப்பித்த கட்டடங்களில் 30 சதவீதம் வரை இந்தப் புகார் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1984இல் சொன்னது.

இரண்டாவது, கட்டடத்தால் வரும் திட்டவட்டமான நோய். ஆஸ்துமா, லெஜியோனெல்லா நிமோனியா, பூஞ்சைத் தூசால் வரும் நுரையீரல் ஒவ்வாமை, காற்றோட்டமில்லாத அறையில் பரவும் காசநோய் ஆகியவை இதில் சேரும். வீட்டுக்குப் போனாலும் இது விடாது. இதற்குப் பெயர் உண்டு, பரிசோதனை உண்டு, மருந்து உண்டு.

ஒரு எச்சரிக்கை. "வீட்டுக்குப் போனால் சரியாகிறதா?" என்ற கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. வேலையால் வரும் ஆஸ்துமா பல நேரம் இரவில், வீட்டில் படுத்திருக்கும்போதுதான் இருமலாக வெளிப்படும். வார இறுதியில் ஓரளவு அடங்கும், நீண்ட விடுமுறையில் நன்றாகவே அடங்கும். அதனால் ஒரு நாள் கணக்கு போதாது, வாரக் கணக்கு வேண்டும்.

குறிப்பேடு: எல்லாவற்றுக்கும் அடித்தளம்

மருத்துவரிடம் போவதற்கு முன், நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன், ஒரு குறிப்பேடு போடுங்கள். குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எழுத வேண்டியது: தேதி, கட்டடத்துக்குள் நுழைந்த நேரம், அறிகுறி தொடங்கிய நேரம், உட்கார்ந்திருந்த இடம், வெளியேறிய நேரம், எத்தனை மணிக்குக் குறைந்தது, அன்று வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் துப்பு கிடைக்கும். முந்தைய வெள்ளிக்கிழமை பூச்சிமருந்து அடித்தார்களா? புதுக் கார்ப்பெட் போட்டார்களா? தரை துடைக்கும் திரவத்தை மாற்றினார்களா? லோட்ஷெட்டிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) வந்து ஜெனரேட்டர் ஓடியதா? மழை பெய்ததா? விடுமுறை நாட்களையும் விடாமல் எழுதுங்கள். அறிகுறி இல்லாத நாளும் ஒரு சாட்சிதான்.

எங்கள் தளத்தில் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா. புரட்டாசி வந்தால் மாதம் முழுவதும் விரதம். மதியம் தலைவலி வந்தபோது விரதத்தால்தான் என்று அவரும் நினைத்தார், சுற்றி இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். எழுதிப் பார்க்கச் சொன்னேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விரதம் உண்டு, தலைவலி இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பதினொரு மணிவாக்கில் தொடங்குகிறது. மேலதிகாரி விடுப்பில் இருந்தபோது, அவருடைய ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த நாட்களில் வலியே இல்லை. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தும் வலி நிற்கவில்லை. அந்த இரண்டு பக்கக் குறிப்பு இல்லாவிட்டால் யாரும் அந்த மூலையின் கூரையை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தபோது, அவர் மேசைக்கு மேலிருந்த காற்றுத் திறப்பு அட்டை வைத்து அடைக்கப்பட்டிருந்தது. குளிர் தாங்காமல் எப்போதோ யாரோ செய்த வேலை.

பக்கத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள், ஆனால் வார்த்தையை வாயில் திணிக்காதீர்கள்

"இந்த ஏசியால உங்களுக்கும் தலைவலி வருதா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். அந்தப் பதிலால் பயனில்லை. "போன மாதம் உடம்பு எப்படி இருந்தது? எப்போது மோசம், எப்போது பரவாயில்லை?" என்று கேளுங்கள். பதில்களைத் தளத்தின் வரைபடத்தில் குறியுங்கள், பெயர் வேண்டாம், இருக்கை மட்டும் போதும். புள்ளிகள் ஒரே மூலையில் குவிந்தால் காரணம் அந்த இடத்தில் இருக்கிறது. தளம் முழுக்கப் பரவியிருந்தால் பொதுக் காற்றோட்டத்தைப் பாருங்கள்.

வேலை அழுத்தத்தையும் நேர்மையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். லண்டனில் 44 கட்டடங்களில் வேலை பார்த்த சுமார் 4000 அரசு ஊழியர்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், காற்றின் தன்மையைவிட வேலைப்பளுவும் ஆதரவின்மையுமே இந்த அறிகுறிகளோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தன. இதைக் காட்டி "எல்லாம் மனப்பிரமை" என்று நிர்வாகம் சொன்னால் ஏற்காதீர்கள். அறிகுறி உண்மைதான், காரணம் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கலாம் என்பதே அந்த ஆய்வு சொல்வது. அழுத்தமும் நிர்வாகம் சரிசெய்ய வேண்டிய பணியிடக் குறைதான்.

கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்

அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் 1980களின் இறுதிவரை விசாரித்த ஐந்நூற்றுச் சொச்சம் கட்டடங்களில் பாதிக்குமேல் முதன்மைக் காரணம் போதாத காற்றோட்டம். விசித்திரமான விஷத்தைத் தேடுமுன் காற்று வருகிறதா என்று பாருங்கள்.

இங்கே பெரும்பாலானோர் ஏமாறும் இடம் ஸ்பிலிட் ஏசி. சுவரில் மாட்டிய அந்தப் பெட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. ஜன்னலை அடைத்துவிட்டு ஸ்பிலிட் ஏசி போட்ட அறையில் இருபது பேர் உட்கார்ந்தால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். சில்லென்று இருப்பதால் காற்று நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

மையக் குளிரூட்டல் உள்ள கட்டடமென்றால், ஒரு டிஷ்யூ தாளை நீளமாகக் கிழித்துக் காற்றுத் திறப்பின் அருகே பிடியுங்கள். ஆடாவிட்டால் அங்கே காற்று வரவில்லை. ஆடினாலும், வருவது புதுக்காற்றா சுழற்சிக் காற்றா என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள். வெளிக்காற்றை உள்ளிழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் ஜெனரேட்டர் புகைக்குழாயோ, லாரி சாமான் இறக்கும் இடமோ, புகைபிடிப்பவர்கள் கூடும் மூலையோ இருந்தால் உங்கள் துப்பு கிடைத்துவிட்டது.

ஜெனரேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். லோட்ஷெட்டிங் காலத்தில் அவசரமாக வாங்கி, கிடைத்த இடத்தில் வைத்த இயந்திரங்கள் நிறைய. அதன் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் குறிப்பேட்டை மூடிவிட்டு எல்லோரும் உடனே வெளியேறுங்கள். பிறகு ஆம்புலன்ஸ் எண்ணான 10177க்கு அழையுங்கள், கைபேசியிலிருந்து என்றால் 112.

அடுத்து ஈரம். டர்பனின் மாசி மாதப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். ஏசியின் நீர்த்தட்டில் சேரும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால், கூரைப் பலகையில் முதலில் தேநீர் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அடுத்த வாரம் அது பெரிதாகும், நடுவில் கருப்புப் புள்ளிகள் வரும், அறைக்குள் நுழைந்ததும் நனைந்த மண்வாசனை அடிக்கும். அதுதான் பூஞ்சை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, மேலே வண்ணம் மட்டும் பூசித் திறந்த அலுவலகங்களில் சுவருக்குப் பின்னால் ஈரம் தங்கியிருக்க வாய்ப்புண்டு. நனைந்த கார்ப்பெட்டையும் பலகையையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்த வேண்டும், முடியாவிட்டால் பிய்த்தெறிய வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. ஜோகன்னஸ்பர்க்கில் கதை தலைகீழ். ஹைவெல்ட் என்ற அந்த மேட்டுநிலத்தின் குளிர்காலத்தில் காற்று வறண்டு கிடக்கும். ஹீட்டரும் சேர்ந்தால் கண்ணும் தொண்டையும் எரிவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

தண்ணீர்: லெஜியோனெல்லா 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில், தேங்கிய நீரில் வளரும். குடிப்பதால் பொதுவாக வராது, நீர்த்திவலையை மூச்சில் இழுப்பதால் வரும். எனவே கூரைமேல் இருக்கும் குளிர்விப்புக் கோபுரம், ஷவர், அலங்கார நீரூற்று ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். சுவரில் மாட்டிய ஸ்பிலிட் ஏசியால் லெஜியோனெல்லா வருமென்று பரவும் வாட்ஸாப் செய்தி பொய். டிசம்பர் நடுவில் மூடி ஜனவரியில் திறக்கும் அலுவலகங்களில், ஆட்கள் வருமுன் எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிட்டுத் தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். சுடுநீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும்.

டர்பனின் தெற்கே மெர்பேங்க், ஜேக்கப்ஸ், மொபேனி பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். தொழிற்சாலைகள் சூழ்ந்த அந்தத் தாழ்நிலத்தில் ஜன்னலைத் திறப்பது எல்லா நாளும் தீர்வாகாது. வெளியிலிருந்து நாற்றம் வரும் நாளையும் காற்றின் திசையையும் குறிப்பேட்டில் சேருங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய பயம் இங்கே அதிகம். இந்த நாட்டில் அதை வெட்டியெடுத்த வரலாறு அப்படி. 2008இல் தடை வந்தாலும் பழைய கூரைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் இன்றைய தலைவலிக்கு அது காரணமல்ல, அதன் கேடு பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். உடையாமல் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சீண்டாதீர்கள், துளையிடவோ அறுக்கவோ யாரையும் விடாதீர்கள். 2020 ஆஸ்பெஸ்டாஸ் விதிகளின்படி, அது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை முதலாளி வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

அளவுக் கருவி: எதை வாங்கலாம், எதை நம்பலாம்

ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் போதும். அகச்சிவப்பு ஒளியால் நேரடியாக அளக்கும் சென்சார் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு வாயுக்களை வைத்து உத்தேசமாகக் கணக்கிடும் மலிவுக் கருவிகளால் பயனில்லை. முதலில் வெளியே வைத்துப் பாருங்கள், 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) அருகே காட்ட வேண்டும். பிறகு மேசை உயரத்தில், உங்கள் மூச்சுக் காற்று நேரே படாத தூரத்தில் வைத்து, காலை, மதியம், மாலை எழுதுங்கள்.

800க்குக் கீழே என்றால் நல்ல காற்றோட்டம். 1000த்தைத் தாண்டி நாள் முழுவதும் நின்றால் புதுக்காற்று போதவில்லை. எட்டுப் பேர் கதவடைத்து உட்காரும் சிறிய கூட்ட அறை ஒரு மணி நேரத்துக்குள் 1500ஐத் தாண்டுவது சாதாரணம்.

இங்கே ஒரு வாதம் வரும், தயாராக இருங்கள். 1987ஆம் ஆண்டின் பணியிடச் சூழல் விதிகள் எட்டு மணி நேரச் சராசரியாக வைத்த எல்லை அரை சதவீதம், அதாவது 5000 பி.பி.எம். "1600தானே இருக்கிறது, சட்டப்படி சரி" என்பார்கள். அந்த 5000 என்பது கார்பன் டை ஆக்சைடே கேடு செய்யாமலிருக்க வைத்த வரம்பு. நாம் 1000த்தைப் பார்ப்பது, புதுக்காற்று எவ்வளவு வருகிறது என்பதற்கான அடையாளமாக. அந்த வாயுவோடு சேர்ந்து தேங்குவது மற்றவர்களின் மூச்சும் அதிலுள்ள கிருமியும். காசநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை.

பூஞ்சைக்குக் காற்றுச் சோதனை செய்யச் சொல்லிப் பணத்தைக் கரைக்காதீர்கள். காற்றில் இத்தனை வித்துகள் இருக்கலாம் என்று உடல்நல அடிப்படையில் ஒப்புக்கொண்ட எல்லை எதுவுமில்லை. நேற்று எடுத்த மாதிரி நாளை மாறும். கண்ணுக்குத் தெரிந்தால், மூக்குக்குத் தெரிந்தால், இருக்கிறது. "சோதித்தோம், எல்லாம் நார்மல்" என்ற ஒற்றை அறிக்கையை வைத்து உங்கள் வாயை அடைக்க வந்தால், சுவரிலுள்ள கறையின் புகைப்படத்தை எடுத்து நீட்டுங்கள்.

மருத்துவரிடம்

குறிப்பேட்டோடு போங்கள், "வேலை இடத்தில் வருகிறது" என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பல மருத்துவர்கள் தொழிலைக் கேட்பதே இல்லை. மூச்சு இரைப்போ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் கேளுங்கள். ஒரு நாளில் நான்கு முறையாவது ஊதி, வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் சில வாரம் எழுதினால், வேலையோடு ஆஸ்துமா சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று அந்த எண்களே காட்டிவிடும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலும், இரவு வியர்வையோ எடைக் குறைவோ இருந்தாலும், கட்டடத்தை யோசிப்பதை நிறுத்திவிட்டு அரசு கிளினிக்கில் காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். கட்டணமில்லை. கடும் காய்ச்சலோடு மூச்சுத் திணறல் என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்கு. கட்டடத்தில் குளிர்விப்புக் கோபுரம் இருப்பதைச் சொல்லுங்கள், லெஜியோனெல்லாவுக்கு எல்லா நுண்ணுயிர்க்கொல்லியும் கேட்காது. தொழில்சார் நோய் என்று சந்தேகம் வலுத்தால், ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தில் இதற்கான நிபுணத்துவம் உண்டு.

நிர்வாகமும் சட்டமும்

1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டம், எண் 85, உங்கள் கையில் இருக்கும் கருவி. பிரிவு 8, பாதுகாப்பான பணியிடம் தருவது முதலாளியின் கடமை என்கிறது. 20 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் சேஃப்டி ரெப் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 17. அலுவலகங்களிலும் கடைகளிலும் 100 பேருக்கு ஒருவர், மற்ற இடங்களில் 50 பேருக்கு ஒருவர். புகாரை விசாரிப்பதும் பணியிடத்தை ஆய்வு செய்வதும் அவருடைய உரிமை. புகார் சொன்னதற்காக உங்களை வேலையிலிருந்து தூக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது பிரிவு 26.

வாயால் சொல்லாதீர்கள், எழுதுங்கள். கோபத்தை விட்டு விவரத்தை வையுங்கள்: "மூன்றாம் தளத்தின் வடமேற்கு மூலையில் ஆறு இருக்கைகள். இந்த நான்கு வாரங்களில் கார்பன் டை ஆக்சைடு அளவு இது. கூரைக் கறையின் படங்கள் இணைப்பில். வெளிக்காற்று அளவு, வடிகட்டி மாற்றிய தேதி, நீர்த்தட்டு கழுவிய தேதி ஆகியவற்றைத் தாருங்கள்." தேதியோடு கேட்கும் கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லியாக வேண்டும். பிரதியை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். நியாயமான அவகாசம் கொடுத்தும் அசைவில்லை என்றால், ரெப் மூலமோ தொழிற்சங்கத்தின் ஷாப் ஸ்டூவர்ட் மூலமோ வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறையின் மாகாண அலுவலகத்தில் ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள்.

நோய் உறுதியானால் இழப்பீடு, கோய்டா என்று எல்லோரும் சொல்லும் 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் சட்டத்தின்கீழ் வரும். ஊழியர் தர வேண்டியது டபிள்யூ.சி.எல். 14 படிவம், முதலாளி தர வேண்டியது டபிள்யூ.சி.எல். 1, மருத்துவரின் முதல் அறிக்கை டபிள்யூ.சி.எல். 22. தொழில்சார் ஆஸ்துமா சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது. வெறும் தலைவலி, கண் எரிச்சலுக்கு இந்த வழியில் எதுவும் கிடைப்பது கடினம். அவற்றுக்கு உங்கள் வழி பிரிவு 8தான்.

எந்தத் தீர்வை ஏற்கலாம்?

வாசனைத் திரவம் அடிப்பது, ஓசோன் விடும் கருவி வைப்பது, கறைமேல் வண்ணம் பூசுவது: மூன்றையும் மறுத்துவிடுங்கள். ஓசோன் நுரையீரலையே எரிச்சலூட்டும். ஹெப்பா என்ற நுண்வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் தூசையும் கிருமியையும் குறைக்கும், ஆனால் புதுக்காற்று தராது. இடைக்கால ஏற்பாடாக மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை: வெளிக்காற்று வாயைத் திறப்பது அல்லது இடம் மாற்றுவது, ஸ்பிலிட் ஏசி அறைக்கு வெளிக்காற்று விசிறி போடுவது, ஒழுகலை அடைத்து நனைந்த பொருளை அகற்றுவது, பூச்சிமருந்தும் வண்ணமும் ஆளில்லாத நாளில் அடித்துக் காற்றோட்டம் விட்ட பிறகே திறப்பது.

ஆஸ்துமா வந்தவரை அந்த இடத்திலிருந்து உடனே மாற்றச் சொல்லுங்கள், பழுது முடியும்வரை காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் விலகினால் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது, இன்ஹேலரோடு அங்கேயே உட்கார்ந்திருந்தால் அது நிலைத்துவிடக்கூடும். பழுது பார்த்தபின் அதே இருக்கைகளில், அதே மீட்டரோடு, அதே எண்ணிக்கையில் வாரங்கள் மறுபடியும் எழுதுங்கள். முதல் குறிப்பேட்டையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே, வேலை முடிந்தது என்ற கடிதத்தில் சேஃப்டி ரெப் கையெழுத்துப் போட வேண்டும்.